ஊருக்கு ஃபைபர் வந்துவிட்டது, நம் அறைக்கு வந்ததா?

எங்கள் நகரத்துக்கு அதிவேக ஃபைபர் (கண்ணாடி இழை வழி) இணையம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததற்கும், அந்த வேகம் என் மேசைக் கணினியில் தெரிந்ததற்கும் இடையே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நிறுவனத்தோடு பேசுவது, அனுமதிக் கடிதம் தயார் செய்வது, கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று கூடவே நின்று பார்ப்பது என எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது. அதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஊருக்குள் ஃபைபரைக் கொண்டுவருவது நிறுவனத்தின் பாடு. தெருவிலிருந்து அறைக்குள் வரும் கடைசி முப்பது நாற்பது மீட்டர் மட்டும் நாம் கேட்டு வாங்க வேண்டியது. பின்னால் வரும் புகார்களில் பாதிக்கு மேல் அங்கேதான் பிறக்கின்றன.

முதலில் அந்த அறிவிப்பையே கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். "இத்தனை ஆயிரம் வீடுகளை எட்டிவிட்டோம்" என்றால், அந்த வீடுகள் இருக்கும் தெரு வழியாகக் கேபிள் போகிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். வீட்டுக்குள் வந்துவிட்டது என்று இல்லை. எங்கள் முகவரியைப் போட்டால் இணையதளத்தில் பச்சை நிறத்தில் 'கிடைக்கும்' என்று காட்டியது. நேரில் கேட்டால், கேபிள் அடுத்த தெருவோடு நின்றிருந்தது. அந்தத் தெருவில் கம்பங்கள் உண்டு, மேலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தெருவில் எல்லாம் தரைக்கு அடியில். பள்ளம் தோண்ட அனுமதி வேண்டும், ஏற்கெனவே உள்ள தண்ணீர்க் குழாய் எது, மின்சாரக் கேபிள் எது என்று தெரிய வேண்டும், தோண்டியதைப் பழையபடி மூட வேண்டும். ஃபைபர் விரிவாக்கத்தில் செலவும் தாமதமும் பெரும்பாலும் இந்த மண்வேலையில்தான் இருக்கின்றன. அந்தக் கண்ணாடி இழையின் விலை அதற்குப் பக்கத்தில் கூட வராது.

எந்தப் பகுதிக்கு முதலில் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கூகுள் 2010-ல் "எந்த நகரத்துக்கு வேண்டும்?" என்று கேட்டபோது சுமார் 1,100 ஊர்கள் விண்ணப்பித்தன. 2011 மார்ச்சில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள கான்சாஸ் சிட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். நகரத்துக்குள் போன பிறகும் எல்லாத் தெருவிலும் ஒரே சமயத்தில் இறங்கவில்லை. ஒவ்வொரு பேட்டையிலும் வீடுகளில் 5 முதல் 25 சதவீதம் வரை முன்பதிவு செய்தால்தான் அங்கே வேலை தொடங்கும் என்று வைத்தார்கள். டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் கதை வேறு. அங்கே மின்வாரியமே இறங்கியது. கம்பங்கள் அவர்களுடையவை, வீடு வீடாக மின் இணைப்பும் அவர்களுடையது. அதனால் 2010-லேயே தன் எல்லைக்குள் இருந்த வீடுகளுக்கெல்லாம் கிகாபிட் வேகம் (நொடிக்கு 1,000 மெகாபிட்) தருவதாக அந்த வாரியத்தால் அறிவிக்க முடிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நாங்கள் முன்பதிவில் இறங்கினோம். தனித்தனியாக ஆளுக்கொரு போன் செய்துகொண்டிருந்தவரை "உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது" என்பதற்கு மேல் ஒரு பதிலும் வரவில்லை. சங்கத்தின் பெயரில் ஒரே கடிதம் கொடுத்தோம். எத்தனை வீடு, எத்தனை பேர் சேரத் தயார், கேபிள் உள்ளே வர வழி எங்கே, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று அதிலேயே எழுதினோம். அடுத்த வாரமே ஆய்வுக்கு ஆள் வந்தார். புதிதாக ஒரு நகரத்தில் இறங்கும் நிறுவனத்துக்கு, ஒரு முறை வேலை செய்தால் முப்பது நாற்பது இணைப்பு உறுதி என்பது பெரிய விஷயம். உங்கள் தெருவில் தனி வீடுகள் என்றாலும் இதே முறை பலிக்கும்.

அவசரப்படுத்துவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் கூகுள் ஃபைபர் 2017-ல் சேவை தொடங்கியது. வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சாலையில் சுமார் 2 அங்குல ஆழத்துக்கு மட்டும் கீறி, அதில் கேபிளை வைத்து, மேலே பசை போட்டு அடைத்தார்கள். வண்டிகள் ஓட ஓட பசை பெயர்ந்து கேபிள் வெளியே தலை காட்ட ஆரம்பித்தது. 2019 பிப்ரவரியில் ஊரை விட்டே போவதாக அறிவித்து, ஏப்ரலில் சேவையை நிறுத்திவிட்டார்கள். சாலைகளைச் சரிசெய்ய நகராட்சிக்கு 38.4 லட்சம் டாலர் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். எனவே உங்கள் தெருவில் தோண்டும்போது எவ்வளவு ஆழம், கேபிளைக் குழாய்க்குள் போடுகிறார்களா நேரடியாக மண்ணில் புதைக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேலை செய்கிறவர்களுக்கும் அது தெரிந்த விஷயம்தான்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். எங்களுக்கு வந்த ஒப்பந்த மாதிரியில் கண்ணை உறுத்தியது ஒரு வரி: கட்டடத்துக்குள் வேறு எந்த நிறுவனமும் கேபிள் போடக் கூடாது. அதை எடுத்துவிடச் சொன்னோம். கொஞ்சம் இழுத்தடித்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக நாங்கள் சேர்த்தவை: மாடிக்கு மாடி போகும் செங்குத்துக் கேபிளில் இப்போது தேவைப்படுவதைவிடக் கூடுதல் இழைகள் இருக்க வேண்டும், ஒவ்வொரு இழைக்கும் எந்த வீடு என்று சீட்டு ஒட்ட வேண்டும், தளங்களுக்கு இடையே போடும் துளைகளைத் தீ பரவாதபடி அடைக்க வேண்டும், நிறுவனம் விலகிப்போனால் கேபிள் கட்டடத்துக்கே சொந்தம். சீட்டு ஒட்டுவதெல்லாம் ஒரு நிபந்தனையா என்று கூட்டத்தில் சிரித்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்கு இணைப்பு அறுந்தபோது, டெக்னீஷியன் பெட்டியைத் திறந்து நேராக அந்த இழையில் கை வைத்தார். சீட்டு இல்லாத பக்கத்துக் கட்டடத்தில் ஒருவருக்குச் சரிசெய்யப் போய் இன்னொருவரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வந்தார்கள்.

வெளிச்சுவரில் துளை போடும்போது ஒரு சின்ன விஷயம். துளை உள்ளிருந்து வெளியே கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கேபிளும் துளைக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு விட்டு மேலேறி நுழைய வேண்டும். அப்போதுதான் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இல்லையென்றால் கேபிளைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் வரவேற்பறைச் சுவருக்குள் இறங்கும்.

இணைப்பு கொடுத்த நாளில் நான் ரசித்துப் பார்த்தது இழைகளை ஒட்டும் வேலையைத்தான். ஃபைபரின் வெளியுறையை உரித்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை 125 மைக்ரான் தடிமன். அதன் நடுவில் ஒளி ஓடும் பகுதி சுமார் 9 மைக்ரான் மட்டுமே, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒட்டப்போகும் இரண்டு இழைகளின் நடுப்பகுதிகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். டெக்னீஷியன் இழையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தார். துடைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. "அந்தச் சத்தம் வந்தாதான் சார் சுத்தம்" என்றார். பிறகு ஒரு வெட்டுக்கருவியில் வைத்து நுனியைச் செங்குத்தாகத் துண்டித்தார். இரண்டு நுனிகளையும் ஒட்டும் இயந்திரத்தில் வைத்ததும் திரையில் அவை இரண்டு பெரிய தூண்கள்போலத் தெரிந்தன. இயந்திரமே அவற்றை நகர்த்தி நேராக்கியது, ஒரு மின்பொறி, கோடு மறைந்து ஒரே தூணாகிவிட்டது. ஒட்டிய இடத்தில் ஒளி இழப்பு 0.02 டெசிபல் என்று காட்டியது, இல்லை என்றே சொல்லலாம். அதன் மேல் ஓர் உறையைத் தள்ளிச் சூட்டில் சுருக்கினார்.

வெட்டிய துண்டுகளை அவர் ஒரு சின்ன டப்பாவில் போட்டார். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. அந்தக் கண்ணாடித் துணுக்கு தரையில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, காலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. தவழும் குழந்தை உள்ள வீடு என்றால் டெக்னீஷியன் வந்ததுமே சொல்லி, வேலை முடிந்ததும் அந்த இடத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இன்னொன்று: பிடுங்கிய ஃபைபரின் நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்து "வெளிச்சம் வருதா" என்று பார்க்காதீர்கள். அதில் ஓடுவது அகச்சிவப்பு ஒளி, வந்தாலும் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை அவர்கள் தனியாக ஒரு டார்ச்சில் செலுத்திப் பார்ப்பது, கேபிள் எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க.

இனி வருவதுதான் முக்கியம், மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வேலை முடிந்ததும் டெக்னீஷியன் கையில் வைத்திருக்கும் மீட்டரில் ஓர் எண் வரும். டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் பலம் அது. எனக்கு முதல் நாள் வந்தது மைனஸ் 19. அதை எழுதி, மீட்டரையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது பரவலாக இருக்கும் ஜிபான் வகை இணைப்பில் (ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் முறை), ஒளியை வாங்கி ரௌட்டருக்குக் கொடுக்கும் வீட்டுக் கருவி மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 வரை வேலை செய்யும். மைனஸ் 27-ஐ நெருங்க நெருங்க இணைப்பு நூலில் தொங்க ஆரம்பிக்கும்.

இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பேச வசதியாக இருக்கும். நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒளியை வழியில் ஒரு ஸ்ப்ளிட்டர் 32 வீடுகளுக்குப் பிரிக்கிறது என்றால், அங்கே மட்டும் சுமார் 17 டெசிபல் போய்விடும். தூரத்தால் போவது அவ்வளவு பெரிதில்லை, கிலோமீட்டருக்குக் கால் டெசிபல் அல்லது கொஞ்சம் கூட. 1966-ல் இயற்பியலாளர் சார்லஸ் காவ், ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் இழப்பைக் கொண்டுவந்தால் கண்ணாடி இழையில் தொலைத்தொடர்பு நடத்தலாம் என்றார். 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும், அதுவே அன்றைக்குப் பெரிய கனவு. 1970-ல் கார்னிங் நிறுவனத்தார் 17-க்குக் கொண்டுவந்தார்கள். காவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது கேபிளுக்குள் ஒளி தாராளமாகப் போகிறது. அது காணாமல்போவதெல்லாம் நம் வீட்டு வாசலில், அழுக்கான நுனியிலும் முறுக்கி மடக்கிய மூலையிலும்.

மூன்று டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. சில மாதம் கழித்து என் இணைப்பு அடிக்கடி அறுந்தது. ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். செட்டிங்கை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். கடைசியில் வீட்டுக் கருவியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அதே எண் இப்போது மைனஸ் 26. வாடிக்கையாளர் சேவையில் "இன்டர்நெட் ஸ்லோவா இருக்கு" என்பதை நிறுத்திவிட்டு, "நிறுவிய அன்று மைனஸ் 19, இன்று மைனஸ் 26, படம் அனுப்புகிறேன்" என்றதும் பேச்சே மாறியது. மறுநாள் ஆள் வந்தார். தளத்துப் பெட்டியை யாரோ மூடும்போது ஒரு இழை கதவின் கீலில் மாட்டி நசுங்கியிருந்தது. எடுத்து ஒழுங்காகச் சுற்றி வைத்ததும் பழைய எண்ணுக்கு வந்துவிட்டது.

வளைவுக்கும் கணக்கு உண்டு. பழைய வகை இழையை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. வீட்டுக்குள் போடவென்றே வந்த புதிய வகை 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். எது போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு, கதவுச் சட்டத்து மூலையில் செங்கோணமாக மடக்கி ஆணி அடிக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். நுனியில் மாட்டும் கனெக்டரில் பச்சை, நீலம் என்று இரண்டு உண்டு. பச்சையின் முகம் 8 பாகை சாய்வாகச் சீவியிருக்கும், நீலத்தின் முகம் நேராக இருக்கும். பச்சையை நீலத்தோடு சேர்த்தால் உள்ளே போய்விடும், ஆனால் ஒளி பாழாகும். வீட்டில் யாராவது பெட்டியை இடம் மாற்றும்போது கையில் கிடைத்த வேறு ஒயரைச் செருகுவது நடக்கிறது.

வேகத்தைப் பற்றி. ஜிபான் முறையில் ஒரு ஸ்ப்ளிட்டரில் உள்ள எல்லா வீடுகளுக்கும் சேர்த்து இறங்குவேகம் சுமார் 2.5 கிகாபிட், ஏற்றுவேகம் சுமார் 1.25 கிகாபிட். 32 வீட்டுக்கும் ஆளுக்கு 1 கிகாபிட் என்று விற்கிறார்களே என்றால், எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இறக்குவதில்லை என்ற துணிவில்தான் விற்கிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. ஆனால் புதிய நகரத்தில் ஆரம்ப மாதங்களில் வரும் வேகத்தை வைத்துக் கொண்டாட வேண்டாம். அப்போது ஸ்ப்ளிட்டரில் உங்களோடு நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். இடம் நிரம்பிய பிறகு இரவு எட்டு ஒன்பது மணிக்குப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். எக்ஸ்ஜிஎஸ்-பான் என்ற அடுத்த தலைமுறையில் இரு திசையிலும் 10 கிகாபிட். இரண்டும் வேறு வேறு அலைநீளத்தில் ஓடுவதால் அதே இழையில், பழையதைத் தொந்தரவு செய்யாமல் புதியதையும் ஓட்டலாம். சுவருக்குள் போட்ட கண்ணாடியைப் பிடுங்க வேண்டியதில்லை, இரண்டு முனையிலும் கருவியை மாற்றினால் போதும். கேபிள் வேலையில் நான் அவ்வளவு பிடிவாதமாக நின்றதற்கு இதுவும் காரணம்.

புகார்ப் பட்டியலில் முதலிடம் எப்போதும் வைஃபைக்குத்தான். வாசலுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரிக்கு மேலே, சில வீடுகளில் மின்சார மெயின் பெட்டிக்குள்ளேயே கருவியை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரும்புக் கதவு போட்ட பெட்டிக்குள் இருந்து வைஃபை எப்படி வெளியே வரும்? ஃபைபரை வீட்டின் நடுப்பகுதிவரை இழுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால், வாசலில் இருக்கும் கருவியிலிருந்து நடு அறைக்குக் கேட் 6 என்ற நெட்வொர்க் ஒயர் ஒன்றை இழுத்து அங்கே ரௌட்டரை வையுங்கள். வேகம் சோதிக்கும்போது முதலில் ஒயரில் சோதித்துவிட்டு, அப்புறம் வைஃபைக்குப் போங்கள். ஒயரில் சரியாக வந்தால் நிறுவனத்தின் மேல் குற்றம் இல்லை.

ஒயரில் சோதிக்கும்போது இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிகாபிட் போர்ட்டில் அதிகபட்சமாகத் தெரிவது 940 மெகாபிட் அளவுக்கு. மீதி தரவுப் பொதிகளின் தலைப்புக்குப் போய்விடும். யாரும் ஏமாற்றவில்லை. அதேபோல் எத்தனை முறை பார்த்தாலும் 94-லேயே நிற்கிறது என்றால், எங்கோ இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. ஒயருக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது நடுவில் ஒரு பழைய ஸ்விட்ச் இருக்கலாம். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும் என்பதால் இணைப்பு அறுந்துபோகாமல் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் சந்தேகமும் வராது. எங்கள் கட்டடத்திலேயே நான்காம் மாடிப் பெரியவர், "என்ன தம்பி, பெரிய பிளான் போட்டும் பழைய வேகம்தான் வருது" என்று குறைபட்டுக்கொண்டிருந்தார். சோபாவுக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்த ஒயரை மாற்றினோம், அவ்வளவுதான்.

புதிதாக ஃபைபர் வந்த ஊருக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு, அதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை. ஊருக்குள் எவ்வளவு இழை போட்டாலும், ஊரை வெளியுலகத்தோடு சேர்க்கும் பாதை ஒன்றுதான் என்றால் அதுதான் கழுத்து. ஆரம்பத்தில் எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. நெடுஞ்சாலையில் எங்கோ பள்ளம் தோண்டும் இயந்திரம் ஒரு கேபிளை அறுக்க, நகரம் முழுக்க மதியம்வரை இணையம் இல்லை. வேறு திசையிலிருந்து இரண்டாவது பாதை வந்து வளையமாகச் சேர்ந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "வெளியே போக எத்தனை வழி இருக்கு, இரண்டும் வேற வேற சாலையிலயா போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பனைப் பிரிவு ஆளுக்குத் தெரியாமல் போகலாம். தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லித் திரும்ப அழைக்கிறாரா என்பதை வைத்தே நிறுவனத்தைப் பற்றி ஓரளவு கணித்துவிடலாம்.

தரவு போய்த் திரும்ப ஆகும் தாமதமும் இதோடு சேர்ந்ததுதான். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப 10 மில்லிநொடி, அதற்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் வேறு நிறுவன இணைப்பு வைத்திருக்கும் நண்பரோடு விளையாடும்போது ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று என் மகன் கேட்டான். தரவு போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், இரு நிறுவனங்களும் எங்கள் ஊரில் ஒன்றோடொன்று இணையவில்லை. தரவு தொலைவிலுள்ள ஒரு பெருநகரம்வரை போய், அங்கே கைமாறி, திரும்ப எங்கள் தெருவுக்கே வந்துகொண்டிருந்தது. பிளானை உயர்த்தினால் இது சரியாகாது.

வீட்டில் கண்காணிப்பு கேமரா வைத்து வெளியூரிலிருந்து பார்க்கிறவர்கள், சொந்தமாக சர்வர் ஓட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி; பழைய முறை (ஐபிவி4) முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே பகிர்ந்து முடிந்துவிட்டது. புதிதாக வரும் நிறுவனங்களிடம் போதுமான முகவரி கிடையாது, அதனால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். உங்கள் ரௌட்டரின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வெளியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்குள் வர முடியாது. ஐபிவி6 என்ற புதிய முறை முகவரி தருகிறார்களா, தனி பொது முகவரி கிடைக்குமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். வேலைக்கும் படிப்புக்கும் படம் பார்ப்பதற்கும் மட்டும் என்றால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

மின்சாரம். தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. அதனால் நிலையத்தில் மாற்று மின்சாரம் இருக்கும்வரை, ஏரியாவே இருளில் கிடந்தாலும் ஒளி உங்கள் வீட்டுச் சுவர்வரை வந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் கருவிக்கும் ரௌட்டருக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்தால் போதும், இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். அவை வாங்கும் வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள்.

இதன் மறுபக்கத்தை எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பராமரிப்பவர் எடுத்துச் சொன்னார். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்குத் தேவையான மின்சாரம் நிலையத்திலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வரும், கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபரில் மின்சாரம் வராது. லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போன், தீ எச்சரிக்கை அமைப்பு, முதியவர்கள் வீட்டில் வைத்திருக்கும் அவசர அழைப்புக் கருவி இவையெல்லாம் பழைய கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். "எல்லாரும் மாறியாச்சு, பழைய லைனை வெட்டிடலாம்" என்று சங்கத்தில் தீர்மானம் போடும் முன், அந்த லைனில் என்னென்ன ஓடுகிறது என்று ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. எங்களிடம் லிஃப்ட் போன் அதில்தான் இருந்தது. அதை சிம் போட்ட கருவிக்கு மாற்றிய பிறகுதான் பழைய லைனை நிறுத்தக் கடிதம் கொடுத்தோம்.

வீட்டு அளவிலும் பழைய இணைப்பை உடனே துண்டிக்க வேண்டாம். ஒரு மாதமாவது இரண்டும் சேர்ந்து ஓடட்டும். பழைய நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை எந்தெந்தக் கணக்குகளுக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது அதை மூடிய பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும், வங்கிக் கணக்கு உட்பட. தரைவழி எண்ணைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்றால், மாற்றம் முடிவதற்கு முன் பழைய இணைப்பை ரத்து செய்யக் கூடாது. ரத்தானால் எண்ணும் போய்விடும். பழைய ரௌட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள், அதைப் பெற்றதே இல்லை என்று பின்னால் ஒரு பில் வரும்.

இப்போது இரண்டாவது நிறுவனம் ஒன்று எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது. புதிதாகத் துளை போட வேண்டாம், காலி இழைகள் இருக்கின்றன என்று வரைபடத்தைக் காட்டியிருக்கிறோம். அடுத்த வாரம் மீட்டரோடு வந்து ஒவ்வொரு காலி இழையையும் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் மாறவும் தயாராக இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த மைனஸ் எண்ணைப் படம் எடுத்து வைக்கச் சொல்லியாகிவிட்டது.